பழைய பத்திரிகைச் சித்திரக்கதைகளையும் முதல் கார்ட்டூன் படங்களையும் பார்ப்பது எப்படி

முதல் வேலை, இவற்றைப் போனில் பார்ப்பதை நிறுத்துவது. நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் சித்திரக்கதையை ஆறங்குலத் திரையில் பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு போனால், 'இதில் என்ன இருக்கிறது, சிரிப்பே வரவில்லையே' என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றியதும் மூடிவைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். வின்சர் மக்கே வரைந்த லிட்டில் நீமோ, கனவு காண்கிற ஒரு சிறுவனின் கதை, 1905 ஒக்டோபர் 15ஆம் திகதி நியூயோர்க் ஹெரல்ட் பத்திரிகையில் தொடங்கியபோது அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட 16 அங்குல அகலமும் 21 அங்குல உயரமும், அதுவும் நிறத்தில். ஒரு பிள்ளை பேப்பரை நிலத்தில் விரித்துவிட்டுக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்க்கிற அளவு அது. அந்த அளவுக்கென்று வரைந்ததை அந்த அளவுக்குக் கிட்டவாவது கொண்டுவந்தால்தான் விஷயம் புரியும்.

எங்கே எடுப்பது? 1920களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வெளிவந்தவற்றின் காப்புரிமைக் காலம் அங்கே முடிந்துவிட்டது. விக்கிமீடியா கொமன்ஸிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் நீமோ பக்கங்கள் பெரிய அளவில் கிடக்கின்றன, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகள் முழுதாகவே இருக்கின்றன. தேடும்போது ஓவியர் பெயரையும் திகதியையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள், சும்மா பழைய காமிக்ஸ் என்று தேடினால் குப்பைதான் வரும். இருப்பதில் பெரிய கோப்பாகப் பார்த்து இறக்குங்கள். பிறகு படத்தை நடுவில் கிடையாக இரண்டாக வெட்டி, இரண்டு ஏ3 தாள்களைக் கிடையாக வைத்து அச்சடித்து, மேலும் கீழுமாக ஒட்டினால் 16 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டிய அகலமும் 23 அங்குல உயரமும் வரும், பக்கம் அதற்குள் அப்படியே அடங்கும். திருகோணமலை டவுனில் ஏ3 எடுக்கிற போட்டோகொப்பிக் கடை தேடுவது பெரிய வேலையில்லை. நிறத்தில் எடுக்கக் காசு கூடத்தான், ஆனால் மாதத்துக்கு ஒரு பக்கம் எடுத்தாலே தாராளம். நூறு பக்கம் இறக்கிவைத்து ஒன்றையும் பார்க்காமல் விடுவதைவிட ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டி ஒரு மாதம் பார்ப்பது எவ்வளவோ மேல். அச்சடிக்க வசதியில்லையென்றால் மடிகணினியிலோ டிவியிலோ போடுங்கள், முழுப்பக்கமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பளிச்சென்று நிறம் ஏற்றித் திருத்திய பிரதிகளை நம்பாதீர்கள். அந்த நிறங்கள் மலிவான பத்திரிகைத் தாளில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சானவை, பெரிதாக்கிப் பார்த்தால் நீமோவின் முகத்து இளஞ்சிவப்பு முழுக்கப் புள்ளிதான். தாள் பழுப்பேறியிருந்தால் இருக்கட்டும். கணினி பூசிய நிறத்தைப் பார்க்க இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை.

சரி, பக்கம் கையில் வந்துவிட்டது. எழுத்தை வாசிக்க வேண்டாம். முதலில் பக்கத்தைத் தள்ளி வைத்து ஒரு முழுச் சித்திரமாகப் பாருங்கள். எந்தப் பெட்டி பெரிது, எது ஒடுங்கியது, கண் முதலில் எங்கே போகிறது, எங்கே போய் நிற்கிறது. நீமோவின் இரண்டாவது பக்கம், 1905 ஒக்டோபர் 22இல் வந்தது, இதற்கு மிக நல்ல உதாரணம். கனவில் சிறுவன் ஒரு காளான் காட்டுக்குள் போகிறான். காளான்கள் உயர உயரப் பெட்டிகளும் உயரமாகின்றன, காளான்கள் அவன்மேல் சரியும்போது பெட்டிகளும் குறுகிப்போகின்றன. எழுத்து ஒன்றும் வாசிக்காமலே, ஒரு சின்னப் பிள்ளை பெரிய ஒன்றுக்கு அடியில் நிற்கும்போது வருகிற பயம் உங்களுக்கு வந்துவிடும், ஏனென்றால் பக்கமே உயர்ந்து உங்கள்மேல் விழுகிறது. அதற்கு முன் பலரும் ஒரே அளவுப் பெட்டிகளுக்குள் கதையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மக்கே பெட்டியின் அளவையே கதை சொல்ல வைத்தார், தொடங்கி இரண்டாவது கிழமையிலேயே. கடைசிப் பெட்டியையும் கவனியுங்கள், ஒவ்வொரு கிழமையும் அது சின்னதாக மூலையில் இருக்கும், நீமோ கட்டிலிலோ கட்டிலுக்குக் கீழேயோ விழித்துக்கொண்டிருப்பான். முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தார்கள், முடிவுக்காக யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆங்கிலம் வராதே என்று பயப்படவும் வேண்டாம். மக்கேயின் வசனம் அவருடைய வேலையில் மிகப் பலவீனமான பகுதி, எழுத்துகள் குமிழுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், வாசித்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவருடைய கட்டடங்களைப் பாருங்கள், ஏணிகளை, தூண்களை, ஒரு மண்டபம் பெட்டிக்குப் பெட்டி பின்வாங்குவதைப் பாருங்கள். கட்டில் கால் முளைத்து நீண்டு நகரத்து வீடுகளுக்கு மேலால் நடக்கிற பக்கம் ஒன்று உண்டு, 1908 ஜூலை 26. ஒரு விரலை ஒரு கட்டில்காலில் வைத்து அது அடுத்த பெட்டியில் எங்கே இருக்கிறது, அதற்கடுத்ததில் எங்கே என்று தொடர்ந்து பாருங்கள். கட்டில் உண்மையாகவே நடக்கும். இந்த விரல் வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அனிமேஷனுக்கு வரும்போது இதுதான் வழிகாட்டப்போகிறது.

கொஞ்சம் பின்னால் போனால்

மஞ்சள் சிறுவன் என்று பெயர்பெற்ற யெலோ கிட், 1895இல் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் வரத் தொடங்கிய ஹோகன்ஸ் அலி படங்களில் வந்தவன். வரைந்தவர் ரிச்சர்ட் அவுட்கோல்ட். மொட்டைத்தலை, முழங்காலுக்குக் கீழே வருகிற மஞ்சள் சட்டை, வெளியே துருத்திய பல், நியூயோர்க் சேரியில் குடியேறிய ஏழைகளின் பிள்ளை. இதில் பெட்டிகளே பெரும்பாலும் இல்லை, ஒரு பெரிய படம் நிறையச் சனம். கோயில் திருவிழாவில் ஒரு மதிலில் ஏறியிருந்து வீதியைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்க வேண்டும்: ஒரு மூலையில் சண்டை, ஒரு மூலையில் நாய், எங்கோ ஒரு பிள்ளை மாடியிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது, சுவர்களில் எல்லாம் எழுத்து. பையனின் வசனம் அவன் சட்டையிலேயே எழுதியிருக்கும். 1896இல் வேர்ல்ட் முதலாளி புலிட்சரிடமிருந்து அவுட்கோல்ட்டைப் போட்டி முதலாளி ஹேர்ஸ்ட் தன் ஜேர்னல் பத்திரிகைக்கு இழுத்துக்கொண்டார். புலிட்சர் விடவில்லை, ஜோர்ஜ் லக்ஸ் என்ற ஓவியரைப் பிடித்து அதே பையனைத் தொடர்ந்து வரையவைத்தார், ஒரே நகரத்தில் இரண்டு மஞ்சள் சிறுவர்கள். பரபரப்புச் செய்திக்கு ஆங்கிலத்தில் மஞ்சள் பத்திரிகை என்ற பெயர் வந்ததற்கும் இந்தப் பையனுக்கும் தொடர்பு உண்டு. இரண்டு பேர் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே பாத்திரம் கை மாறினால் எவ்வளவு மாறும் என்று அப்போதுதான் தெரியும்.

1896 ஒக்டோபர் 25இல் வந்த ஒன்றைத் தவறவிட வேண்டாம். மஞ்சள் சிறுவனும் ஒரு கிராமபோனும் வருகிற தொடர்படம், கிராமபோனுக்குள்ளிருந்து பேச்சுக் குமிழ்கள் வருகின்றன, கடைசியில் பார்த்தால் உள்ளே இருந்து பேசியது ஒரு கிளி. படங்கள் வரிசையாகப் போய், பேச்சுக் குமிழே கதையைக் கொண்டுபோய், கடைசியில் ஒரு திருப்பமும் வருவது இங்கே ஒன்றாகச் சேர்கிறது. அடுத்த வருடம், 1897 டிசம்பர் 12இல், ருடோல்ஃப் டேர்க்ஸின் கட்ஸன்ஜாமர் கிட்ஸ் வந்தது. இரண்டு குழப்படிகாரப் பையன்கள், 1865இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் வெளியிட்ட மக்ஸ், மோரிட்ஸ் கதையைப் பார்த்து உருவானவர்கள். வரலாறு தெரிய வேண்டும் என்றால் பாருங்கள், மற்றப்படி இரண்டு மூன்று பக்கம் பார்த்தால் போதும், அடி வாங்குவதும் கொடுப்பதும்தான்.

கிரேஸி கட் அப்படியில்லை. அதற்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும். ஜோர்ஜ் ஹெரிமன் 1913இலிருந்து 1944இல் சாகும்வரை வரைந்தது. கதை ஒரு வரியில் முடியும்: இக்னட்ஸ் என்ற எலி கிரேஸி என்ற பூனைமேல் செங்கல்லை எறிகிறது, பூனை அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறது, பூனையை நேசிக்கிற நாய்ப் பொலிஸ்காரர் எலியைச் சிறையில் போடுகிறார். முப்பது வருடமும் இதேதான். முதல் பக்கத்தில் ஒன்றும் புரியாது, ஐந்தாவதில் பழகும், பத்துப் பதினைந்து பக்கம் தாண்டினால் ஒரு நாளைக்கு ஒன்று பார்க்காமல் இருக்க முடியாது. பார்க்கும்போது ஆட்களை மறந்துவிட்டுப் பின்னணியை மட்டும் ஒருமுறை பாருங்கள். இருவரும் நின்ற இடத்திலேயே நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் முதற்பெட்டியில் மலை இருந்த இடத்தில் அடுத்த பெட்டியில் மரம் நிற்கும், அதற்கடுத்ததில் அந்த மரம் பூச்சாடிக்குள் இருக்கும், பகல் சொல்லாமலே இரவாகும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அரிசோனாப் பாலைவனத்துப் பாறைகளை ஹெரிமன் அப்படி நேசித்தார். வாசகர்கள் குறைவாக இருந்தும் முதலாளி ஹேர்ஸ்ட்டுக்கு அது பிடித்ததால் இத்தனை வருடம் ஓடியது. இதில் ஆங்கிலம் கொஞ்சம் சிரமம், வேண்டுமென்றே எழுத்துப் பிழையாக, பல மொழி கலந்து பேசுவார்கள். சத்தமாக வாசித்தால் விளங்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களில் கறுப்பின மக்களையும் சீனர்களையும் குடியேறிய ஏழைகளையும் மிகக் கேவலமாக வரைந்த படங்கள் நிறைய உண்டு. நீமோவிலேயே இம்ப் என்ற பாத்திரம், தடித்த உதடும் புல்லுப் பாவாடையும், பேச்சும் வராது. நான் இவ்வளவு நேசிக்கிற மக்கே வரைந்ததுதான் அது. பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதலே நீங்கள் பார்த்துவிடுங்கள், அந்தப் பாத்திரம் வருகிற பக்கத்தில் நிறுத்தி இது யாரைக் கேலி செய்கிறது, வரைந்தவர் ஏன் அவர்களைப் பெயர் சொல்லத்தக்க மனிதராகக் காணவில்லை என்று கதையுங்கள். கட்டடத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண் பக்கத்தில் இருந்த மனிதரைப் பார்க்கவில்லை, அந்தக் காலத்தைப் பற்றி அதுவே நிறையச் சொல்கிறது. ஹெரிமனே கறுப்பின வம்சாவளியில் வந்தவர், அதை வெளியில் சொல்லாமல் வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு கிரேஸி கட்டைத் திரும்பப் பாருங்கள்.

இவ்வளவையும் படிக்க நமக்கு ஏற்கனவே ஒரு பயிற்சி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் வீட்டில் பழைய வேதாளரோ மாண்ட்ரேக்கோ இருந்தால் எடுங்கள். அவை புத்தகத்துக்கென்று வரைந்தவை இல்லை, லீ ஃபோக் எழுதி 1930களிலிருந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் தினமும் ஒரு வரியாக வந்த தொடர்களை வெட்டி ஒட்டியவை. மூன்று நான்கு பெட்டிக்கு ஒருமுறை ஒரு சின்னத் திடுக்கம் வரும், உடனே அடுத்த பெட்டியில் சொன்னதையே யாராவது இன்னொருமுறை சொல்வார்கள். அந்த இடம்தான் ஒருநாள் பேப்பர் முடிந்து மறுநாள் பேப்பர் தொடங்குகிற தையல். அதைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும் வாசியுங்கள், கதையின் நடையே மாறிவிடும். நம் பக்கத்திலும் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழில் சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் இருக்கிறார், நூலகம் இணையத்தளத்தில் சிரித்திரன் இதழ்களைத் தேடி எடுக்கலாம். யாழ்ப்பாணப் பேச்சின் வெட்டு ஒரு கோட்டுப் படத்துக்குள் எப்படி உட்காருகிறது என்பதை அதில் பார்த்துவிட்டுப் போனால் ஹெரிமனின் பேச்சு அவ்வளவு தூரத்தில் இருக்காது.

படம் அசையத் தொடங்கும் இடம்

நீமோவுக்கு முந்திய வருடம், 1904இல், மக்கே லிட்டில் சமி ஸ்னீஸ் என்று ஒன்று வரைந்தார். ஒரு பையன் தும்முகிறான், எல்லாம் சிதறுகிறது, அவ்வளவுதான் கதை. ஆறு பெட்டியும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கும், முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, வாய் திறந்து, மூக்கு விரிந்து. 1905 செப்டெம்பர் 24இல் தும்மல் பெட்டியின் கோட்டையே உடைத்துவிடுகிறது, பையன் உடைந்த சட்டத்துக்கு நடுவில் இருக்கிறான். இந்த ஆறு படத்தையும் வெட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி விரலால் புரட்டினால் உங்கள் கையில் ஒரு அனிமேஷன் இருக்கிறது. பேப்பரிலிருந்து படத்துக்குப் பாதை இந்த இடத்தில்தான் திறக்கிறது.

முதல் அனிமேஷன் எது என்று சண்டை பிடிக்க வேண்டாம். பிரான்ஸில் எமில் ரெனோ 1892லேயே கையால் வரைந்த நீண்ட பட்டையைச் சுழற்றித் திரையில் காட்டினார். புரட்டும் புத்தகத்துக்கு 1868இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தாயிற்று. ஸ்டுவர்ட் பிளக்டன் 1906இல் கரும்பலகையில் சோக்கால் முகங்களை வரைந்து அசையவைத்தார். எமில் கோல் 1908 ஓகஸ்டில் ஃபன்டஸ்மகோரி என்ற படத்தை வெளியிட்டார், அதற்கு 700 அளவில் படங்கள் வரைந்தார், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பிடித்தார், கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் வரைந்து பிலிமை எதிர்நிறத்தில் அச்சிட்டதால் கரும்பலகையில் சோக்கால் வரைந்ததுபோலத் தெரியும். இரண்டு நிமிடம்கூட வராது. எங்கே தொடங்குவது என்று கேட்டால் இதில்தான் என்பேன்.

அதை மூன்று முறை பாருங்கள். முதலில் சும்மா. இரண்டாவது முறை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, ஏனென்றால் அந்தப் பியானோ எல்லாம் பிறகு யாரோ சேர்த்தது, அது உங்கள் கண்ணை அவசரப்படுத்தும். வேகமாக ஓடுவதாகத் தெரிந்தால் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், அந்தக் காலப் படங்கள் செக்கனுக்குப் பதினாறு பதினெட்டு சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓடியவை, இப்போதைய 24இல் ஏற்றும்போது ஓட்டம் பிடிக்கும். மூன்றாவது முறை கணினியில் நிறுத்திவைத்துச் சட்டம் சட்டமாக நகர்த்துங்கள், யூடியூப்பில் படத்தை நிறுத்திவிட்டுப் புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டம் முன்னே போகும், கமாவைத் தட்டினால் பின்னே வரும். போத்தல் பூவாகிற இடத்தில், பிறகு யானை வீடாகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஒன்றுமே இல்லாத, யானையும் இல்லை வீடும் இல்லை என்கிற ஒரு சில கோடுகள் இருக்கும். ஒரு பொருள் இன்னொன்றாகிற அந்த நொடியைக் கோல் பிடித்துவைத்திருக்கிறார், காமெரா வைத்து உலகத்தில் எதைப் படம்பிடித்தாலும் அது கிடைக்காது.

அப்புறம் கேர்ட்டி. 1914இல் மக்கே செய்த டைனோசர் படம். பலர் இதை உலகத்தின் முதல் கார்ட்டூன் என்று எழுதுகிறார்கள், அது பிழை, மக்கேயே 1911இல் நீமோவையும் 1912இல் ஒரு நுளம்பையும் அசையவைத்துவிட்டார். கேர்ட்டியின் சிறப்பு வேறு, அவளுக்கு ஒரு குணம் இருக்கிறது. வெட்கப்படுகிறாள், சொல் கேட்க மறுக்கிறாள், பேச்சு வாங்கினால் அழுகிறாள், மமத் யானையைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிகிறாள், பிறகு தாகமெடுத்து அந்த ஏரியையே குடித்து முடிக்கிறாள். ஆயிரக்கணக்கான தாளில் மக்கே கேர்ட்டியை வரைய, ஜோன் ஃபிட்ஸிமன்ஸ் என்ற இளைஞர் பின்னணி மலையையும் கல்லையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார். செலுலொயிட் என்ற, ஊடாகப் பார்க்கக்கூடிய தாளில் ஆட்களை மட்டும் வரைந்து பின்னணிமேல் வைக்கிற முறைக்கு ஏர்ல் ஹேர்ட் காப்புரிமை கேட்டதும் அதே 1914இல்தான், மக்கே அதற்கு முன்னமே வேலையை முடித்துவிட்டார். ஆகவே அசையாமல் நிற்க வேண்டிய பாறைக்கோடுகள் மெல்ல நடுங்குவதைப் பார்ப்பீர்கள். அதைக் குறை என்று எண்ண வேண்டாம், ஒரு மனிதன் அந்தக் கல்லை எத்தனை ஆயிரம் முறை வரைந்தான் என்பதுதான் அந்த நடுக்கம்.

இதைத் தனியாகப் பார்ப்பதைவிட ஆட்களைக் கூட்டிக் காட்டுங்கள், அப்படித்தான் அது செய்யப்பட்டது. மக்கே மேடையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கட்டளை போடுவார், கேர்ட்டி திரையில் கேட்பாள், அவர் ஒரு பழத்தை எறிவதுபோலக் காட்ட அவள் வாயில் பிடிப்பாள், கடைசியில் அவரே திரைக்குள் புகுந்து அவள் முதுகில் ஏறிப் போவதாகத் தெரியும். இப்போது கிடைக்கிற 12 நிமிடமளவான பிரதியில் முன்பகுதி நண்பர்களோடு பந்தயம் கட்டுகிற நாடகம், அதைத் தாண்டிக் கேர்ட்டி குகையிலிருந்து தலையை நீட்டுகிற இடத்தில் தொடங்குங்கள். விறாந்தைச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி, ஒரு சின்னப் புரொஜெக்டர் இரவல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் டிவி. நடுவில் வருகிற எழுத்து அட்டைகள் எல்லாம் மக்கேயின் வசனம்தான், ஒருவர் அவற்றை முதலே தமிழாக்கி ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் எழும்பி நின்று சொல்ல வேண்டும்: 'கேர்ட்டி, வலது காலைத் தூக்கு பார்ப்போம். சொல்வழி கேள் பிள்ளை.' அவள் தூக்குவாள். ஐந்து வயசுப் பிள்ளைகள் கத்துகிற கத்து அயலெல்லாம் கேட்கும். வசனம் சொல்கிறவர் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்க்க வேண்டும், அட்டை வந்த பிறகு சொன்னால் பிந்திவிடும், வருகிற நேரத்துக்கே சொல்ல வேண்டும்.

ஒரு முறையாவது நீங்களே செய்ய வேண்டும்

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்கும் அல்லவா, ஒரு மான் புல்லிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறதை எடுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், போனில் பிடித்தும் வாருங்கள். ஒட்டுக் கட்டி இருக்கிற ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், தாள் மெல்லியதாக இருக்கட்டும், கீழே உள்ள கோடு மேலே தெரிய வேண்டும். மக்கேயின் முறை இது: முதல் படத்தை வரையுங்கள், கடைசிப் படத்தை வரையுங்கள், பிறகு இரண்டுக்கும் சரி நடுவில் உள்ளதை, பிறகு ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் உள்ளதை. ஒன்றிலிருந்து ஒழுங்காக வரைந்துகொண்டு போனால் மான் போகப் போகத் தடிக்கும், இடம் விலகும். எல்லாத் தாளிலும் ஒரே மூலையில் ஒரு சின்னச் சிலுவை அடையாளம் போட்டு அதோடு பொருத்தி வரையுங்கள், அவரும் அப்படித்தான் செய்தார். தூக்கத் தொடங்குகிற இடத்திலும் நிற்கிற இடத்திலும் படங்கள் நெருக்கமாக இருக்கட்டும், நடுவில் ஐதாக. காதை ஒரு படம் பிந்தி அசையவிடுங்கள். இருபது படம் போதும். இதைச் செய்து முடித்த அன்றைக்குக் கேர்ட்டியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், அவள் மூச்சு வாங்குகிறபோது வயிறு ஏறி இறங்குவது முதல் தடவை கண்ணில் படும்.

இதற்குப் பிறகு பார்க்க ஒன்று: மக்கேயின் லுசிடேனியா கப்பல் மூழ்கும் படம், 1918. 1915 மே 7இல் ஜெர்மன் நீர்மூழ்கி அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அந்தப் பயணிகள் கப்பலைத் தாக்கியது, 18 நிமிடத்தில் மூழ்கியது, இறந்தவர்கள் 1,198 பேர். பிலிம் காட்சி ஒன்றும் இல்லாததால் மக்கே அதை வரைந்தே காட்டினார், இந்த முறை செலுலொயிட் தாளில். போர்ப் பிரசாரப் படம்தான், எழுத்து அட்டைகள் கோபத்தில் கொதிக்கும். ஆனால் துறைமுகத்துக்குள் கப்பல் வருவதும் போவதும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர் கண்ணுக்கு அந்தக் கப்பல் எடையோடு சரிவதும், புகை காற்றில் திரும்புவதும், தண்ணீர் பலகைமேல் ஏறுகிற விதமும் பிழையில்லை என்று தெரியும். அதே கையிலிருந்து நான்கு வருட இடைவெளியில் கேர்ட்டியும் இதுவும்.

ஃபீலிக்ஸ் பூனையை 1919இலிருந்து பார்க்கலாம். தலைக்கு மேல் வருகிற கேள்விக்குறியையே கழற்றிக் கருவியாகப் பாவிப்பான், வாலையும் அப்படித்தான். பேப்பரில் இருந்த அடையாளங்கள் படத்துக்குள் பொருளாகிவிட்டன. 1923இல் அவன் படத்திலிருந்து பேப்பருக்கும் போனான்.

கடைசியாக ஒரு வேலை, இது பார்க்கிற வேலை இல்லை. அமெரிக்க நூலகங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பழைய பத்திரிகைகளைக் கறுப்பு வெள்ளை மைக்ரோபிலிமில் எடுத்துவிட்டுத் தாளைக் கழித்துவிட்டன, நிறப் பக்கங்கள் அத்தோடு போயின. பில் பிளக்பியர்ட் என்ற ஒரு தனிமனிதர் அப்படிக் கழித்தவற்றைத் தேடி எடுத்துத் தன் வீட்டில் நிரப்பினார், அது 1998இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லொறிகளில், 75 தொன் அளவில் ஏற்றினார்கள். இன்றைக்கு நாம் இறக்கிப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் நிறையப் பேருடைய இப்படியான உழைப்பு இருக்கிறது. நம்முடையவை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்ததும், இடப்பெயர்வில் விட்டுவந்ததும், 2004இல் கடல் கொண்டுபோனதும் போக மிச்சம்தான். வீட்டில் பழைய வாரமலரோ, சிரித்திரனோ, பெட்டிக்கடியில் காமிக்ஸோ இருந்தால் சித்திரத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் வைத்திருங்கள், பக்கத்து விளம்பரமும் செய்தியும் சேர்ந்ததுதான் அது. பத்திரிகையின் பெயர், திகதி, பக்க எண் மூன்றையும் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள், செலோடேப் ஒட்ட வேண்டாம், மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். ஸ்கான் செய்யும்போது கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் நிறத்தில், 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள், ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பலாம், அவர்கள் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைத் தான் சேர்க்கிறார்கள்.